எங்கேர்ந்து மேடமும் நாற்பத்தொரு சதவீதமும்

வணிக நிர்வாகக் கல்லூரியின் நூலகத்தில் அந்த அம்மாளுக்கு மேசைமேல் பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே மாணவர்கள் அவரை "எங்கேர்ந்து மேடம்" என்று சொல்லப் பழகிவிடுவார்கள். வகுப்பில் ஒருவன் எழுந்து, "எண்பது சதவீதம் பேர் இப்பல்லாம் போன்லதான் பொருள் வாங்குறாங்க மேடம்" என்பான். அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்குவார்.

"எங்கேர்ந்து?"

"நெட்லேர்ந்து மேடம்."

"நெட்டுங்கறது ஒரு ஊரா? எந்தத் தெரு, எந்த வீடு?"

"ஒரு வெப்சைட் மேடம்."

"அவன் எங்கேர்ந்து எடுத்தான்?"

அதற்குள் பையனுக்கு உட்கார்ந்தால் போதும் என்றாகிவிடும். பதில் வரும்வரை உட்கார விடமாட்டார்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டாம் வயதில், புத்தகப் பட்டியல் அட்டைகளைத் தட்டச்சு செய்ய இதே நூலகத்துக்கு வந்தவர். வந்த முதல் மாதம் ஒரே புத்தகத்துக்கு இரண்டு அட்டைகளில் இரண்டு வெவ்வேறு ஆண்டுகள் இருந்ததைப் பார்த்தார். மேலே இருந்தவரிடம் கேட்டபோது, "கொடுத்ததை அடி, போதும்" என்றார். இவர் அடிக்கவில்லை. அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். இரண்டு ஆண்டுகளுமே தப்பு. அன்று முதல் திறந்து பார்க்காமல் எந்த அட்டையையும் அவர் அடித்ததில்லை. ஒரு நாளைக்கு நாற்பது அட்டை என்பது இருபத்தைந்தாகக் குறைந்ததால் எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறார். நூலகப் படிப்பை அஞ்சல் வழியில் முடித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவருடைய கோபத்துக்குக் காரணம் அந்த ஒரு மணி நேரம். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு மணி நேரம் "நூலக அறிமுகம்" நடத்த அனுமதி. விடுதி விதிமுறைகளுக்கும் அடையாள அட்டைக்குப் படமெடுப்பதற்கும் நடுவில் அதைச் செருகியிருந்தார்கள். துறையில் பலர், கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டுவதற்கான நேரம் அது என்றே நினைத்தார்கள். ஒரு தகவல் எங்கே பிறந்தது, யார் சொன்னது, அவர் எத்தனை பேரைக் கேட்டுச் சொன்னார், சொன்னதால் அவருக்கு என்ன லாபம் என்று தேடிப் பார்க்கச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதுமா? பன்னிரண்டு மணி நேரப் பாடமாக, மதிப்பெண்ணோடு வேண்டும் என்று ஒன்பது ஆண்டுகளாக மனு எழுதினார். "வைத்தியம் படிக்கிறவன் தப்பான நம்பரைப் படிச்சா ஆள் செத்துடுவான்னு எல்லாருக்கும் தெரியுது. வியாபாரம் படிக்கிறவன் படிச்சா யாருக்கு என்ன ஆகும்னு ஒருத்தனும் கேக்கலை" என்பார்.

இந்த ஆண்டுதான் துறைத்தலைவர் இறங்கி வந்தார். கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்க வரும் குழுவுக்கு அப்படியொரு பாடத்தைக் காட்ட வேண்டியிருந்தது. வியாழக்கிழமை கல்விக்குழுக் கூட்டம். தானே எழுந்து பேசுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதற்கு ஆறு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை, தங்கை ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

தங்கை ஏழு வயது இளையவள். சின்ன வயதில் ஓயாமல் பேசியதால் வீட்டில் "மைனா" என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. கணவர் இறந்த பிறகு அக்காவுடனேயே இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். நான்கு மாடித் துணிக்கடை ஒன்றில், இரண்டாவது மாடியில், சட்டைத் துணிப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை. ஆறு மாதம் முன்பு கடையில் விற்பனைப் பெண்களின் ஸ்டூல்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். காலை பத்து மணி முதல் இரவு எட்டு வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். மைனாவின் கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாக முடிச்சு முடிச்சாக எழுந்துவிட்டன. வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்காருவாள். எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நிக்காதேன்னாரு. எங்க மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க டாக்டர்னேன். சிரிச்சாரு. சிரிப்பு நல்லாத்தான் இருந்துச்சு, கால்தான் இறங்கலை." வாளியில் காலை அசைத்தாள். "இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்க்கா. அதுக்குள்ள ஸ்டூல் வரலைன்னா வேலையை விட்டுடறேன். நாப்பத்தாறு வயசுல வேற எவன் சேப்பான்னு கேக்காதே. எவனும் சேக்க மாட்டான். எனக்கே தெரியும்."

பிறகு மடித்து வைத்திருந்த காகிதத்தை நீட்டினாள். பணியாளர் சாப்பிடும் அறைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு.

"கிழிச்சுட்டா வந்தே?"

"ஒட்டினவன் சரியா ஒட்டலை. விழப் பாத்துச்சு, நான் தாங்கிப் பிடிச்சேன்."

அறிவிப்பில் இப்படி இருந்தது: "விற்பனையாளர் உட்கார்ந்திருக்கும் கடைப்பகுதிக்குள் 41 சதவீத வாடிக்கையாளர்கள் நுழையாமல் திரும்பிவிடுவதாக ஆய்வு கூறுகிறது. எனவே பணி நேரத்தில் எவரும் அமரக் கூடாது." அடியில் சிறிய எழுத்தில், வணிகர் சங்கத்துக்கான ஆலோசனை அறிக்கையிலிருந்து எடுத்தது என்றும், அறிக்கையை எழுதியவர் யார் என்றும் போட்டிருந்தது. எழுதியவர் அக்காவின் கல்லூரித் துறைத்தலைவர்.

அக்கா கண்ணாடியை இறக்கினார். "எங்கேர்ந்து?"

"ஆரம்பிச்சுட்டியா? நான் உன் ஸ்டூடண்ட் இல்லை. அந்தத் துண்டை எடு, காலைத் துடைக்கணும்."

மறுநாள் அக்கா துறைத்தலைவரின் அறைக்குப் போனார். அவர் பண்பானவர்தான். நாற்காலியைக் காட்டினார்.

"நாப்பத்தொண்ணு எங்கேர்ந்து சார்?"

"பத்திரிகைல வந்ததுதான் மேடம். பெரிய வணிகப் பத்திரிகை. அடிக்குறிப்புகூடக் கொடுத்திருக்கேனே. உங்க வகுப்புல சொல்ற மாதிரியே."

"பத்திரிகைக்காரன் எண்ணினானா?"

"ஏதோ கல்லூரி ஆய்வுன்னு போட்டிருந்தான்." சிரித்தார். "வியாழக்கிழமை உங்க பாடத்துக்காக நான் பேசணும். இப்பவே என்னை நிக்க வெக்கறீங்களே."

அவர் உட்கார்ந்துதான் இருந்தார். 

பழைய இதழ்களைத் தேடி, திங்கட்கிழமை காலையில் அந்தக் கட்டுரையைக் கண்டுபிடித்தார். கட்டுரை சுட்டிக்காட்டிய "கல்லூரி ஆய்வு" வேறெதுவும் இல்லை. இதே கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் எழுதிய புராஜெக்ட். அது நூலகத்தின் கீழ்த்தளத்தில், கறுப்பு அட்டை போட்ட நூற்றுக்கணக்கான புராஜெக்டுகளுக்கு நடுவில் இருந்தது. படிக்கட்டில் இறங்கும்போதே அந்த மாணவனை, அவனை நம்பிய பத்திரிகைக்காரனை, அவனை நம்பிய துறைத்தலைவரை எல்லோரையும் வரிசையாக மனதுக்குள் திட்டிக்கொண்டே போனார். எவனோ ஒரு பொய்யன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு இந்த எண்ணை எழுதியிருக்கிறான். அவன் மட்டும் கையில் கிடைக்கட்டும்.

முப்பத்தாறாம் பக்கத்தில் நாற்பத்தொரு சதவீதம் இருந்தது. கடைசிப் பக்கத்துத் துணைநூல் பட்டியலில், அந்த எண் எடுக்கப்பட்ட ஆய்வை எழுதியவரின் பெயரும் இருந்தது.

மைனா, கு.

அக்கா புராஜெக்டை மூடினார். திரும்பவும் திறந்தார். பெயர் அப்படியேதான் இருந்தது. ஆய்வின் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி 7, எண் 2, பக்கங்கள் 112 முதல் 118 வரை. புள்ளி, காற்புள்ளி எதுவும் இடம் மாறவில்லை. அவ்வளவு சுத்தமாக எழுதக்கூடிய ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், அந்த ஒரு மணி நேரம் அவருக்கு முதன்முதலாகக் கிடைத்தபோது, முந்தின நாள் மாலைதான் சொன்னார்கள். ஒரு தகவலை எங்கிருந்து எடுத்தோம் என்று எப்படி எழுதுவது என்பதைக் காட்ட, பச்சைத் தாளில் ஒரு பக்கம் அவசரமாகத் தயாரித்தார். உதாரணத்துக்கு ஓர் ஆய்வு வேண்டும். உண்மையான ஒன்றைத் தேட நேரமில்லை. அன்று மைனா கடையிலிருந்து வந்து, "உக்காந்துக்கிட்டு என்ன வியாபாரம்னு ஒரு ஆள் திட்டிட்டுத் திரும்பிப் போயிட்டான்க்கா" என்று புலம்பியிருந்தாள். அதையே எடுத்து, ஒரு சதவீதத்தைப் போட்டு, எழுதியவர் பெயருக்கு அவள் பெயரையே வைத்தார். இல்லாத இதழ், இல்லாத பக்கங்கள். உதாரணம் என்று யாருக்குத்தான் தெரியாது என்று நினைத்து, கற்பனை என்று எழுதாமல் விட்டார். இரண்டு ஆண்டு கழித்துப் பச்சைத் தாளை மாற்றி, உண்மையான ஆய்வு ஒன்றை வைத்து வெள்ளைத் தாள் கொடுக்க ஆரம்பித்தார். பழைய தாளைப் பற்றி அதன் பிறகு நினைத்ததே இல்லை. அந்த மாணவன் அதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறான்.

ஆய்வுக்கு இருக்க வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. ஆய்வு மட்டும் இல்லை.

புராஜெக்டின் முதல் பக்கத்தில் "சரிபார்த்து ஏற்கப்பட்டது" என்று முத்திரையும், வழிகாட்டியின் கையெழுத்தும். அதுவும் துறைத்தலைவருடையதுதான். ஒன்பது ஆண்டுக்கு முன் படிக்காமல் கையெழுத்துப் போட்டதையே பத்திரிகை வழியாகச் சுற்றி வரவழைத்துத் தன் அறிக்கையில் வைத்திருக்கிறார். ஆனால் அவரைத் திட்டக்கூட இனி அக்காவுக்கு முழு உரிமை இல்லை.

மாலையில் மைனாவிடம் சொன்னார். வாளிக்குள் கால். அசைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"அப்ப என் ஸ்டூலை எடுத்தது நானா?"

"நான்."

"என் பேரு போட்டிருக்கேல்ல? ஆராய்ச்சியாளர் மைனா. பத்தாங்கிளாஸ் தாண்டாதவளுக்கு என்ன பட்டம் பாரு." சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். "ஆறு மாசம்க்கா. நாலு மாடி. எத்தனை பொம்பளைங்க கால் தெரியுமா? நீ வெளக்கம் சொல்லாதே. கேக்கவே புடிக்கலை."

அக்கா துண்டை எடுத்துக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு அந்த ஆண்டின் ஒரு மணி நேர வகுப்பு. வெள்ளைத் தாள்களைக் கொடுக்கவில்லை. நகலெடுத்த பச்சைத் தாள், புராஜெக்டின் பக்கம், பத்திரிகைக் கட்டுரை, அறிக்கை, கடைச் சுவரிலிருந்து வந்த அறிவிப்பு ஐந்தையும் பலகையில் வரிசையாக ஒட்டினார். "இது எங்கேர்ந்து?" என்று அறிவிப்பிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் பச்சைத் தாளின் முன் நின்று, "இங்கேர்ந்து. இதை எழுதினது நான். பொய்" என்றார்.

கடைசி வரிசையில் ஒரு பெண். வங்கியில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள், மற்றவர்களைவிடப் பத்து வயது பெரியவள். அவள் கேட்டாள், "அப்ப உங்களையே நம்பக் கூடாதா மேடம்?"

"கூடாது."

"சரி. கடைக்காரங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

அக்காவுக்கு முகம் சிவந்தது. "இல்லை."

"எங்ககிட்ட எதுக்கு மேடம் முதல்ல சொல்றீங்க? நாங்க உக்காந்துதானே இருக்கோம்."

அன்று மாலையே நான்கு கடிதங்கள் தட்டச்சு செய்தார். கடைக்கு, வணிகர் சங்கத்துக்கு, பத்திரிகைக்கு, துறைத்தலைவருக்கு. அந்த ஆய்வு இல்லை, அதை உண்டாக்கியது நான், இன்ன தேதியில், இன்ன காரணத்துக்காக. அடியில் கையெழுத்து.

புதன்கிழமை துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை நாற்காலியைக் காட்டவில்லை.

"மத்த மூணையும் அனுப்பிட்டீங்களா?"

"காலையிலேயே."

"என்ன மேடம் இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அடுத்த பதிப்புல சத்தமில்லாம எடுத்திருப்பேன்ல?"

"சத்தமில்லாம எடுத்தா ஸ்டூல் வராது சார்."

"தப்பு உங்களோடது."

"ஆமா. புராஜெக்டுல கையெழுத்து உங்களோடது."

"வருஷத்துக்கு நூறு புராஜெக்ட் வருது. எல்லாத்தையும் உக்காந்து படிக்க முடியுமா?"

"படிக்காம எதுக்கு சார் 'சரிபார்த்து'ன்னு ஒரு முத்திரை? 'பார்த்து'ன்னு மட்டும் செஞ்சு வெச்சுக்கலாமே."

வியாழக்கிழமை அவர் கூட்டத்தில் எழுந்து பேசினார். வாக்குத் தவறாதவர். ஆனால் பேசியது வேறு. "நூலக வகுப்புகளின் நம்பகத்தன்மை குறித்துக் கேள்வி எழுந்துள்ளதால், கட்டாயப் பாடமாக்கும் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது" என்று பதிவானது. ஒன்பது ஆண்டு மனுக்களுக்கு ஒரு வரி. அவருடைய அறிக்கையைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

அக்கா அந்த வரியைப் படித்துவிட்டு, எந்தத் தேதியிட்ட கூட்டம் என்று குறிப்பில் விட்டுப் போயிருப்பதைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுதினார். அதற்கு மேல் அந்த அறைக்குள் செய்ய ஒன்றுமில்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போனார்.

மேலாளரின் மேசைமேல் அவருடைய கடிதம் கிடந்தது. "படிச்சேன் மேடம். மனசுல இருக்கறதை மறைக்காம எழுதியிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்."

"ஸ்டூலை எப்ப போடுவீங்க?"

"அது வேற விஷயம் மேடம். நம்பர் பொய்யாவே இருக்கட்டும். ஆனா பொருத்தமா இருக்கே! உக்காந்திருக்கிற ஆளைப் பாத்தா கஸ்டமருக்கு ஒரு மாதிரிதானே இருக்கும்?"

"எங்கேர்ந்து?"

"ம்?"

"ஒரு மாதிரி இருக்கும்னு எங்கேர்ந்து தெரிஞ்சுது? யாரைக் கேட்டீங்க? எத்தனை பேரு?"

மேலாளர் கையை விரித்தார். "அப்ப உக்காந்தா ஒண்ணும் ஆகாதுன்னு உங்ககிட்ட ஆய்வு இருக்கா? இருந்தா கொண்டாங்க, போட்டுடலாம்."

ஸ்டூலை எடுக்க ஒரு பொய் போதுமானதாக இருந்தது. திரும்பப் போட மட்டும் ஆய்வு வேண்டும். அக்காவுக்கு மேசையைக் குத்த வேண்டும்போல் இருந்தது. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எண்ணிடலாம். உங்க கடையிலேயே. இரண்டாவது மாடி. ஒரு வாரம் ஸ்டூல் இல்லாம, ஒரு வாரம் ஸ்டூலோட. படியேறி வர்றவங்க எத்தனை பேரு, உள்ளே வராம திரும்பறவங்க எத்தனை பேரு. உங்களுக்கு ஒரு செலவும் இல்லை. முடியாதுன்னா, நான் எழுதின கடிதத்தை உங்க வாசல்ல நின்னு வர்றவங்களுக்கெல்லாம் கொடுப்பேன்."

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த அம்மாள் செய்யக்கூடியவர்தான் என்று தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டு வாரமும் மாலை ஐந்து முதல் எட்டு வரை, சனிக்கிழமை முழு நாளும், இரண்டாவது மாடிப் படிக்கட்டின் மேல் ஓரத்தில் அக்கா அட்டையும் பென்சிலுமாக நின்றார். மற்ற நேரங்களில் வங்கிப் பெண்ணும் அவள் கூட்டிவந்த இரண்டு பேரும் நின்றார்கள். மதிப்பெண் கிடையாது என்று தெரிந்தும் வந்தார்கள். திரும்பிப் போகிறவர்களிடம் ஏன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் ஸ்டூல் இல்லை. படியேறியவர்கள் 1,212, திரும்பியவர்கள் 97. இரண்டாவது வாரம், துணிக்கடை மேசைகளுக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். படியேறியவர்கள் 1,180, திரும்பியவர்கள் 91. இரண்டு வாரமும் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பேர். திரும்பியவர்களில் பாதிக்கு மேல், கழிப்பறை தேடித் தப்பான மாடிக்கு வந்தவர்கள்.

அக்கா ஒரு பக்கம் எழுதினார். பாதிப் பக்கம் முடிவு. மீதிப் பாதி, அந்த முடிவின் குறைகள்: ஒரே கடை, ஒரே மாடி, இரண்டே வாரம், எண்ணியவர்களில் ஒருவரின் தங்கை அங்கே வேலை பார்ப்பவர்.

மேலாளர் படித்துவிட்டு ஆச்சரியப்பட்டார். "உங்களுக்கு எதிரா நீங்களே எழுதியிருக்கீங்களே மேடம்?"

"அப்படித்தான் எழுதணும்."

"சரி. செகண்ட் ஃப்ளோர்ல ஸ்டூல் இருந்துட்டுப் போகட்டும்."

"மத்த மூணு மாடி?"

"ஒரே மாடிதான் எண்ணினதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே!" காகிதத்தை அவர் பக்கமே திருப்பி, அந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினார். "அந்த மாடிகளுக்கு ஆய்வு இல்லையே மேடம்."

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. மைனா வேலையை விடவில்லை. வேலை முடிந்து கைப்பிடியைப் பிடிக்காமல் படியேறி வந்தவள், அக்கா புதிய அட்டையில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். தலைப்பில் "மூன்றாவது மாடி, முதல் வாரம்" என்று இருந்தது.

"திரும்பவுமா? இரண்டு வாரம் நின்னதுக்கே உன் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி இருக்கு. மூணாவது மாடிக்கு வாட்ச்மேன் ஸ்டூல் கொண்டுவந்து போடறேன்னாராம், வேண்டாம்னுட்டியாமே?"

"மூணாவது மாடியில எல்லாரும் நிக்கறாங்க. அவங்க எதிர்ல நான் உக்காந்துக்கிட்டு எண்ணுறதா?"

"கோபத்தைக் கால்ல வெச்சிருக்கியே." மைனா சமையலறைக்குப் போய் வெந்நீர் எடுத்துவந்தாள். வாளியை எங்கே வைப்பது என்று இருவருக்கும் நடுவில் பார்த்துக்கொண்டு நின்றாள். "வீட்ல ஒரு வாளிதான் இருக்கு. இன்னும் மூணு மாடி பாக்கி."

அக்கா கட்டத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னொண்ணு வாங்கு."